சேர்ந்தது வேறு, இருப்பது வேறு: தொடக்கப்பள்ளியில் பணமும் வரைபடமும்

3 முதல் 5ஆம் வகுப்பு வரை பாடம் எடுக்கும் ஓர் ஆசிரியரின் கேள்வி இது. பணத்தைக் கையாளும் அடிப்படைகளையும் தரவு வரைபடங்களைப் படிப்பதையும் அவர் ஒரே பருவத்தில் முடிக்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் சேர்த்து நடத்தலாமா, எங்கே தொடங்குவது, எதை விட்டுவிடலாம் என்று கேட்கிறார்.

தாராளமாகச் சேர்த்து நடத்தலாம். இதில் நேரம் மிச்சமாவது ஒரு லாபம். அதைவிடப் பெரிய காரணம், பிள்ளைகள் பணத்தில் தடுமாறும் இடமும் வரைபடத்தில் தடுமாறும் இடமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதுதான். 'இந்த வாரம் எவ்வளவு சேர்ந்தது', 'இதுவரை மொத்தம் எவ்வளவு இருக்கிறது' என்ற இரண்டு கேள்விகளும் அவர்களுக்கு ஒன்றுபோலவே தோன்றும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்குச் சேமிப்பு, செலவு, கடன் எல்லாமே எளிதில் பிடிபடும். பிரிக்கத் தெரியாத பிள்ளை பட்டைகளை அழகாக வரைந்து வண்ணமும் தீட்டிவிடும், ஆனால் அது என்ன சொல்கிறது என்று கேட்டால் விழிக்கும்.

பணமும் வரைபடமும் தொடக்கத்திலிருந்தே ஒட்டிப் பிறந்தவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் 1786இல் நாடுகளின் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்கைக் கோடுகளாக வரைந்து வெளியிட்டார். ஸ்காட்லாந்தின் வணிகத்துக்கு மட்டும் ஒரே ஓர் ஆண்டின் கணக்குதான் அவர் கையில் இருந்தது. ஆண்டுக்கு ஆண்டு கோடு இழுக்க வழியில்லை. அதனால் எந்த நாட்டோடு எவ்வளவு வணிகம் என்று பட்டைகளாகப் போட்டார். வட்ட விளக்கப்படமும் அவர் 1801இல் வெளியிட்டதுதான். இந்தச் செய்தி வகுப்பறைக்கு நேரடியாகவே உதவும். காலம் ஓட ஓட மாறுவதைக் காட்டக் கோடு, ஒரே நேரத்தில் பலவற்றை ஒப்பிடப் பட்டை என்ற பாகுபாடு அன்றைக்கு அவர் கையிலிருந்த தரவிலிருந்தே வந்திருக்கிறது. 'நம்மிடம் என்ன தரவு இருக்கிறது, அதற்கு எந்தப் படம் பொருந்தும்' என்று பிள்ளைகளையும் இதே மாதிரி யோசிக்க வைக்கலாம்.

தொடங்குவதற்கு முன்னால், பணத்தைப் பற்றிப் பிள்ளைகள் ஏற்கெனவே என்ன நினைத்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இத்தாலியில் பெர்ட்டி, பொம்பி என்ற இரு ஆய்வாளர்கள் சிறுவர்களோடு விரிவாகப் பேசிப் பதிவு செய்திருக்கிறார்கள். கடைக்காரர் திருப்பித் தரும் சில்லறைதான் பணம் வரும் வழி என்று நினைக்கும் சின்னப் பிள்ளைகள் அதில் உண்டு. உளவியலாளர் குஸ்தாவ் ஜகோடா 1979இல் கிளாஸ்கோ நகரத்துப் பிள்ளைகளைக் கடைக்காரராக நடிக்கவைத்துப் பார்த்தார். விற்கும் விலைக்கே சரக்கையும் வாங்குவதாகப் பலர் எண்ணிக்கொண்டிருந்தார்கள். வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை இன்னொன்று, நடுவே இருப்பதில்தான் கடைக்காரர் பிழைக்கிறார் என்பது பலருக்குப் பத்து வயதை ஒட்டித்தான் தெளிவாகிறது. இது கூர்மைக் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவது கைமாறும் காசு மட்டும். காசின் பின்னால் இருக்கும் கணக்கு தெரிவதில்லை. இன்றைக்குக் கார்டும் கைபேசியும் வந்தபிறகு கைமாறும் காசுகூடத் தெரிவதில்லை. அதனால்தான் கணக்கைக் கண்ணால் பார்க்கும்படி வரைந்து காட்டுவது முன்பைவிட இப்போது அதிகம் தேவைப்படுகிறது.

சரி, எங்கே தொடங்குவது? வரைபடத்தில் தொடங்காதீர்கள், டோக்கனில் தொடங்குங்கள். அட்டையில் வெட்டிய வட்டங்கள் போதும். வாரத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 10 டோக்கன் கொடுங்கள், எல்லாருக்கும் ஒரே அளவு. அவற்றைச் செலவழிக்க வகுப்பிலேயே சில வாய்ப்புகள் இருக்கட்டும்: பிடித்த இடத்தில் ஒரு நாள் உட்காருவதற்கு 3, வாசிப்பு நேரத்தில் முதலில் புத்தகம் எடுப்பதற்கு 2, கடைசி அரை மணி நேர விளையாட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு 30. கடைசியில் உள்ளதை ஒரு வாரத்தில் வாங்க முடியாது, அது வேண்டுமென்றே வைத்தது. மிச்சம் பிடித்தால்தான் கிடைக்கும்.

உண்மையான காசு வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வீட்டில் எவ்வளவு சேமிக்கிறீர்கள், கைச்செலவுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று கேட்டு அதைப் பட்டையாக வரையச் சொல்லும் பயிற்சிகளைப் பார்த்திருக்கிறேன். சுவரில் ஒட்டிய அந்தத் தாளில் ஒரு பிள்ளையின் பட்டை உயரமாகவும் பக்கத்திலிருக்கும் பிள்ளையின் பட்டை தரையோடு தரையாகவும் நிற்கும். எந்தப் பாடமும் அந்தப் பிள்ளைக்கு நேரும் கூச்சத்துக்கு ஈடாகாது. டோக்கனில் எல்லாரும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகிறார்கள். வித்தியாசம் வருவது அவரவர் முடிவால். அப்போதும் ஒரு பிள்ளையின் கணக்கை எல்லார் முன்னாலும் வைக்க வேண்டாம். அலச வேண்டுமென்றால் கற்பனைப் பிள்ளை ஒருவரின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பேடு வேண்டும். நான்கு பத்திகள்: வாரம், வரவு, செலவு, இருப்பு. மூன்றாம் வகுப்பில் இதைப் பழக்கவே இரண்டு மூன்று வாரம் பிடிக்கலாம், அவசரப்படாதீர்கள். முந்தைய வார இருப்போடு இந்த வார வரவைக் கூட்டி, செலவைக் கழித்து, புதிய இருப்பை எழுதுவதுதான் முழுப் பாடத்துக்கும் அடித்தளம். கூட்டல் கழித்தலில் தவறினால் டோக்கனை எண்ணிப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளலாம். கையில் இருப்பதும் ஏட்டில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும் என்ற பழக்கம் அங்கேயே வந்துவிடுகிறது.

இனி வரைபடம். கற்பனைப் பிள்ளை ஒன்று ஆறு வாரங்களில் மிச்சம் பிடித்த டோக்கன்கள் 4, 3, 0, 5, 2, 6 என்று வைத்துக்கொள்வோம். இதே கணக்கிலிருந்து இரண்டு படங்கள் வரையுங்கள். முதல் படத்தில் அந்தந்த வாரம் சேர்ந்தது: 4, 3, 0, 5, 2, 6. இரண்டாவது படத்தில் அந்தந்த வாரக் கடைசி இருப்பு: 4, 7, 7, 12, 14, 20. இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்துவிட்டு மூன்றாவது வாரத்தைச் சுட்டிக்காட்டி, 'இந்த வாரம் என்ன நடந்தது' என்று கேளுங்கள். முதல் படத்தில் அங்கே பட்டையே இல்லை. இரண்டாவது படத்தில் 7 உயரத்துக்குப் பட்டை நிற்கிறது. மூன்றாவது வாரத்திலும் 7 சேமித்தாயிற்று என்று சொல்லும் பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள். அந்தப் பதிலை உடனே திருத்தாதீர்கள். டோக்கனை எடுத்து மேசைமேல் வைத்து வாரம் வாரமாக நடத்திக் காட்டச் சொல்லுங்கள். மூன்றாவது வாரம் வரும்போது கை வெறுமனே நிற்கும், குவியல் அப்படியே இருக்கும். குவியலின் உயரத்தைப் படம் பிடித்தது இரண்டாவது படம், கை போட்டதைப் படம் பிடித்தது முதல் படம் என்று பிள்ளைகளே சொல்லும்வரை காத்திருக்கலாம்.

அடுத்து நாலாவது, ஐந்தாவது வாரங்களுக்கு வாருங்கள். முதல் படத்தில் 5இலிருந்து 2க்குப் பட்டை இறங்குகிறது. இரண்டாவது படத்தில் 12இலிருந்து 14க்கு ஏறுகிறது. 'சேமிப்பு குறைந்ததா, கூடியதா?' இந்த ஒரு கேள்விக்கே ஒரு முழுப் பாடவேளையைக் கொடுக்கலாம். சேமிக்கும் வேகம் குறைந்தது, சேமிப்பு கூடியது. பெரியவர்களே தடுமாறுகிற இடம் இது. விலைவாசி உயர்வின் வேகம் குறைந்தது என்ற செய்தியைப் பார்த்துவிட்டு விலையே குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறவர்கள் எத்தனையோ பேர். பத்து வயதில் டோக்கனை வைத்து இதைத் தெளிந்துகொண்ட பிள்ளைக்கு அந்தக் குழப்பம் வராது என்று நான் நம்புகிறேன். இந்தப் பருவத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நடத்த முடியும் என்றால் இந்த இரண்டு படங்களை நடத்துங்கள்.

கேள்விகளை எப்படி அடுக்குவது என்பதற்குக் கணிதக் கல்வி ஆய்வாளர் ஃபிரான்செஸ் கர்சியோ 1987இல் முன்வைத்த மூன்று படிநிலைகள் இன்றும் நல்ல வழிகாட்டி. முதல் படி, படத்தில் இருப்பதை அப்படியே படிப்பது: நாலாவது வாரம் எவ்வளவு சேர்ந்தது? இரண்டாவது, படத்தில் இருப்பவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்ப்பது: எந்த வாரத்துக்கும் எந்த வாரத்துக்கும் இடையில் இருப்பு அதிகமாக உயர்ந்தது? மூன்றாவது, படத்தைத் தாண்டி யோசிப்பது: இப்படியே போனால் 30 டோக்கன் எப்போது சேரும்?

பயிற்சித்தாள்களில் முதல் படிக் கேள்விகள்தான் நிரம்பி வழிகின்றன. பிள்ளைகள் வளர்வது மூன்றாவது படியில். மேலே சொன்ன கணக்கில் இன்னும் 10 டோக்கன் வேண்டும். போன வாரம் 6 சேர்ந்ததால் இரண்டே வாரம் போதும் என்று ஒரு பிள்ளை சொல்லும். அதற்கு முந்தைய வாரம் 2 தானே, அப்படியென்றால் ஐந்து வாரம் ஆகும் என்று இன்னொன்று சொல்லும். ஆறு வாரத்தில் 20, அதாவது மூன்று வாரத்தில் 10, ஆகவே இன்னும் மூன்று வாரம் என்று மூன்றாவது பிள்ளை கணக்குப் போடலாம். மூன்றுக்கும் காரணம் இருக்கிறது. சராசரி என்ற சொல்லை எடுக்காமலேயே சராசரி ஏன் தேவை என்பது வகுப்பில் வந்துவிடும். எதிர்காலத்தைப் பற்றிய கணிப்பு என்றால் அதில் உறுதி கிடையாது, ஆனால் வெறும் யூகமும் கிடையாது என்பதையும் இங்கே தொட்டுக்காட்டலாம்.

பட வகைகளின் வரிசையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சின்ன வகுப்பில் டோக்கனையே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் அதுவே முதல் வரைபடம். அப்புறம் நேர்க்கோட்டுக் குறிகள் (ஒன்றுக்கு ஒரு கோடு என்று போட்டு எண்ணுவது), பட விளக்கப்படம் (எண்ணிக்கையைச் சின்னப் படங்களால் காட்டுவது), பட்டை வரைபடம், கடைசியாக ஐந்தாம் வகுப்பில் கோட்டு வரைபடம். பட விளக்கப்படத்தில் அளவுத்திட்டம்தான் கவனிக்க வேண்டிய இடம். ஒரு வட்டம் 2 டோக்கன் என்று போட்டிருந்தாலும் பிள்ளைகள் வட்டங்களை மட்டும் எண்ணிவிட்டுப் போய்விடுவார்கள். ஒற்றைப்படை எண்களை வேண்டுமென்றே கொடுங்கள். 5 டோக்கனுக்கு இரண்டரை வட்டம் வரைய வேண்டிவரும்போது அளவுத்திட்டத்தைப் பார்க்காமல் தப்பிக்க முடியாது. பட்டை வரைபடத்தில் அச்சில் 5, 10, 15 என்று குறித்துவிட்டு 12ஐ எங்கே வைப்பது என்று கேளுங்கள். 10க்கும் 15க்கும் நடுவில், 10க்குக் கொஞ்சம் பக்கத்தில் என்று விரல் வைத்துக் காட்டும் பிள்ளைக்கு அச்சு என்பது எண்கோடுதான் என்று புரிந்திருக்கிறது.

வட்ட விளக்கப்படத்தை இந்த வயதில் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. கோணமும் பின்னமும் கைவராத பிள்ளை அதை வரைய முடியாது, கண்ணால் ஒப்பிடுவதும் கடினம். அதற்குப் பதில் பத்துக் கட்டங்கள் கொண்ட ஒரு நீளத் தாள்பட்டையைக் கொடுங்கள். ஒரு கட்டம் ஒரு டோக்கன். செலவுக்கு ஒரு நிறம், சேமிப்புக்கு ஒரு நிறம், பிறருக்குக் கொடுப்பதற்கு ஒரு நிறம். வாரம் தொடங்கும்போது திட்டமாக ஒரு பட்டை, முடியும்போது நடந்ததாக இன்னொரு பட்டை. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினால் அதுதான் வரவுசெலவுத் திட்டம். 'நினைத்தது 6, நடந்தது 3, நடுவில் என்ன ஆயிற்று' என்று பிள்ளை தானே தேடத் தொடங்கும்.

'தேவை எது, ஆசை எது' என்று படங்களைப் பிரித்து ஒட்டும் பயிற்சி எல்லா இடத்திலும் இருக்கிறது. அதற்கு நான் அதிக நேரம் தரமாட்டேன். ஒருவருக்கு ஆசையாக இருப்பது இன்னொருவருக்குத் தேவையாக இருக்கலாம். பிள்ளைகளும் ஆசிரியருக்குப் பிடித்த விடை எது என்று பார்த்து ஒட்டிவிடுவார்கள். அதைவிட உயிருள்ள கேள்வி, 'இதை எடுத்தால் எதை விடுகிறாய்?' என்பதுதான். 3 டோக்கன் கொடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்தால் 30ஐ எட்டுவது எத்தனை நாள் தள்ளிப்போகும்? இருப்புப் படத்தில் அதைப் புள்ளிக்கோடாக வரைந்து காட்டலாம்: செலவழிக்காமல் இருந்தால் போகும் பாதை, செலவழித்தால் போகும் பாதை. இரண்டில் எது சரி என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. ஜன்னலோர இருக்கை அவ்வளவு பிடித்திருந்தால் தாமதத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொள்வதும் நல்ல முடிவுதான்.

வட்டியை ஐந்தாம் வகுப்பில் தொட்டுக்காட்டலாம், சூத்திரம் வேண்டாம். வார இறுதியில் இருப்பில் ஒவ்வொரு முழுப் பத்துக்கும் 1 டோக்கன் வகுப்பு வங்கி சேர்க்கும் என்று ஒரு விதி போடுங்கள். 20 டோக்கனை எடுக்காமல் விட்டால் 22, 24, 26, 28, 30 என்று இரண்டிரண்டாக ஏறும். 30ஐ எட்டியதும் 33, 36, 39, 42 என்று மூன்றுமூன்றாக ஏறும். அடுத்து 46. பட்டைகளை வரைந்தால் படிக்கட்டின் உயரம் நடுவில் மாறுவது கண்ணுக்குத் தெரியும். ஏன் மாறியது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். கடனுக்கும் இதே விதியைத் திருப்பிப் போடலாம்: 10 வாங்கினால் 11 திருப்பித் தர வேண்டும். வகுப்பு வங்கியில் ஒருவர் போடும் டோக்கனை இன்னொருவருக்குக் கடனாகக் கொடுத்துக் காட்டுவதும் நல்லது. வங்கி நம் காசை ஒரு பெட்டியில் அப்படியே பூட்டி வைத்திருக்கிறது என்ற எண்ணம் இந்த வயதில் பரவலாக உண்டு.

ஏமாற்றும் வரைபடங்களுக்கு நாலாம், ஐந்தாம் வகுப்பில் கட்டாயம் இடம் கொடுங்கள். விளம்பரங்களைப் பிள்ளைகளும்தான் பார்க்கிறார்கள். இரண்டு பொருள்களின் விலை 48, 52 என்று கொள்வோம். அச்சை 0இலிருந்து தொடங்கி வரைந்தால் பட்டைகள் ஏறக்குறைய ஒரே உயரம். 45இலிருந்து தொடங்கினால் ஒன்று 3 உயரம், மற்றது 7 உயரம். இரண்டு மடங்குக்கு மேல் விலை வித்தியாசம்போலத் தெரியும், உண்மை வித்தியாசம் வெறும் 4. இரண்டையும் பிள்ளைகள் கையாலேயே வரைய வேண்டும், காட்டினால் மட்டும் போதாது. அடுத்ததாக, சேமிப்பு இரட்டிப்பானதைக் காட்ட ஒரு நாணயப் படத்தை அகலத்திலும் உயரத்திலும் இரட்டிப்பாக்கி வரையச் சொல்லுங்கள். கட்டத்தாளில் எண்ணிப் பார்த்தால் படம் அடைக்கும் கட்டங்கள் நாலு மடங்காகியிருக்கும். தானே ஏமாற்றுப் படம் வரைந்து பார்த்த பிள்ளை, அடுத்த முறை எந்தப் பட்டையைப் பார்த்தாலும் முதலில் அச்சின் அடியைப் பார்க்கும்.

பொறுமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏழு வயதுக்குள் பணப் பழக்கங்கள் உருவாகிவிடும், அதற்குப் பிறகு பயனில்லை என்று ஒரு பேச்சு உலவுகிறது. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 2013இல் பிரிட்டனில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இருவர் எழுதிய அறிக்கை. அது பேசியது முன்கூட்டித் திட்டமிடுவது, ஆசையைத் தள்ளிப்போடுவது போன்ற பொதுவான பழக்கங்களைப் பற்றி. வட்டி, வரவுசெலவு போன்ற அறிவுக்கு எட்டு, ஒன்பது, பத்து வயது ஏற்ற வயதுதான். தள்ளிப்போடும் பழக்கமும் பிள்ளையின் மனவுறுதியை மட்டும் சார்ந்தது இல்லை. அதே ஆண்டு ரோச்சஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளிவந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு நல்ல வண்ணப்பொருள்கள் தருவதாகச் சொன்னார்கள். ஒரு பாதிப் பேருக்குச் சொன்னபடி கொடுத்தார்கள், மறு பாதிப் பேருக்குக் கொடுக்கவில்லை. பிறகு, இப்போது ஒரு இனிப்பு, காத்திருந்தால் இரண்டு என்றார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாகச் சுமார் 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் சுமார் 3 நிமிடம். சொன்னது கிடைக்கும் என்று நம்ப முடியாத இடத்தில் கையில் இருப்பதை உடனே எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஆகவே 30 டோக்கன் சேர்ந்த பிள்ளைக்கு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அன்றைக்கே கிடைத்தாக வேண்டும். தேர்வு வந்துவிட்டது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொன்னால் மொத்த வகுப்புக்கும் சேமிப்பு வீண் என்ற பாடம் போய்ச் சேரும். நடுவில் விலையை மாற்றுவதும் கூடாது.

மதிப்பிடுவதற்குத் தனித் தேர்வு தேவையில்லை. எண்களை மறைத்த ஒரு படத்தைக் கொடுத்து, அதற்கு ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். மெல்ல ஏறி, இரண்டு வாரம் சமமாக நின்று, திடீரென்று இறங்கி, மறுபடி ஏறும் இருப்புக்கோடு ஒன்று போதும். 'சேமித்தாள், அப்புறம் இரண்டு வாரம் எதுவும் மிஞ்சவில்லை, பெரிதாக ஒன்று வாங்கினாள், மறுபடி சேர்க்கத் தொடங்கினாள்' என்று சொல்லும் பிள்ளைக்குப் பணமும் புரிந்திருக்கிறது, படமும் புரிந்திருக்கிறது. சமமாக நின்ற இடத்தில் அவளிடம் காசே இல்லை என்று சொல்லும் பிள்ளைக்கு அந்த இரண்டு படங்களையும் இன்னொரு முறை டோக்கனோடு நடத்துங்கள். பொருளாதார ஒத்துழைப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி (OECD), பல நாடுகளின் பதினைந்து வயதினருக்கு நடத்தும் பீசா (PISA) தேர்வில் 2012இல் முதன்முதலாக நிதியறிவைச் சோதித்தபோது வைத்த கேள்விகளில் ஒன்றும் இந்த வகைதான். ஒரு நிறுவனப் பங்கின் 12 மாத விலையைக் கோட்டு வரைபடமாகக் கொடுத்து, எந்த மாதம் வாங்கியிருந்தால் நல்லது, ஆண்டு முழுக்க விலை எவ்வளவு ஏறியது என்பது பற்றிய கூற்றுகள் சரியா தவறா என்று கேட்டார்கள்.

ஒரு பருவத்துக்கு வாரம் ஒரு பாடவேளையும், குறிப்பேடு எழுதத் தினமும் ஐந்து நிமிடமும் இருந்தால் இவ்வளவையும் செய்யலாம். நேரம் குறைந்தால் முதலில் வட்டியை விடுங்கள், அடுத்து கோட்டு வரைபடத்தை விடுங்கள். குறிப்பேட்டையும் இரட்டைப் படத்தையும் விடாதீர்கள். ஆறு வாரத் தரவு சேர்வதற்கு முன்னால் படம் வரைய அவசரப்பட வேண்டாம். இரண்டு மூன்று பட்டைகளை வைத்துக்கொண்டு பிள்ளைகளிடம் கேட்பதற்கு நல்ல கேள்வி எதுவும் இருக்காது.